கண்ணாடிக்காரன் வைத்த அலை

மூக்குக்கண்ணாடியே போடாத அவனுக்குக் கண்ணாடிக்காரன் என்று பெயர் வந்தது அந்த ஆய்வு நிலையத்தில்தான். அங்கே நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு குழாய்கள். அவற்றின் முனைகளில் மெல்லிய இழைகளில் தொங்கும் கண்ணாடிகளை ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. எங்கோ எண்ணிப்பார்க்க முடியாத தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால் அதிலிருந்து ஈர்ப்பலை கிளம்பும். அது பூமியைக் கடக்கும்போது, அணுக்கருவின் அகலத்தைவிடக் குறைவாக, அந்தக் கண்ணாடிகள் அசையும். அந்த ஒரு அசைவுக்காகத்தான் அங்கேயும், கடல் கடந்த இன்னொரு நிலையத்திலும் அத்தனை பேரும் தவம் கிடந்தார்கள்.

அவன் மனைவிக்கு அங்கே சல்லடை என்று பெயர். லாரி போகிற அதிர்வு, காற்று, தூரத்துக் கடல் என்று வருகிற இரைச்சலையெல்லாம் சலித்து எறிந்துவிட்டு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பாள். பதினோரு வருஷம் சலித்தாள். மிச்சம் ஒன்றும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் அவனுடைய வேலைக்கூடத்துக்கு ஓடிவந்தாள். தூசி விழாமல் அங்கே போட்டாக வேண்டிய தலைக்குல்லாயைக்கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை.

"வந்திடுச்சு," என்றாள். "ரெண்டு நிலையத்துலயும் வந்திருக்கு. நான் நாலு தடவை பார்த்துட்டேன்."

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அது வரும் என்று அவனுக்குத் தெரியும். காலையில் அதை வைத்தவனே அவன்தான்.

அது அவர்கள் வேலையில் ஒரு வழக்கம். உண்மையான அலை வந்தால் கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்று சோதிக்க, யாருக்கும் சொல்லாமல் கண்ணாடிகளை லேசாக அசைத்துப் பொய் அலை ஒன்றை உள்ளே விடுவார்கள். எப்போதாவது அப்படி நடக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். எப்போது என்றுதான் தெரியாது. இந்த முறை மூன்று பேருக்குத் தெரியும்: இயக்குநருக்கு, கடல் கடந்த நிலையத்தில் ஒருவருக்கு, இவனுக்கு. விவரத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

அடுத்த ஐந்து மாதம் அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் மாதிரி அலைந்தாள். வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். சாப்பிடும்போது தட்டைத் தள்ளிவிட்டு மேஜையிலேயே விரலால் வளைவு வரைந்து காட்டினாள்: இங்கே மெதுவாகச் சுற்றுகின்றன, இங்கே வேகமெடுக்கின்றன, இதோ இங்கே சேர்ந்துவிட்டன. அவன் தலையாட்டினான்.

ஒருநாள் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான்.

"தெரியும்." அவள் வாய் நிறைய நுரை. "உன் கண்ணாடியிலதான் ஏதோ கோளாறுன்னு சொல்லப்போறே. அதையும் பார்த்தாச்சு. உன் கண்ணாடி தங்கம்."

அவன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

அன்றைக்கே இயக்குநரிடம் போனான். "அவகிட்ட மட்டும் சொல்லிடறேனே."

"அவங்ககிட்டதான் சொல்லவே கூடாது. சல்லடையில ஓட்டை இருக்கான்னு பார்க்கத்தானே இவ்வளவும்?"

"சல்லடைன்னா ஓட்டை இருக்கத்தான் செய்யும்," என்றான் அவன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

உறையைப் பிரித்த அன்று கூடத்தில் தொண்ணூறு பேர் இருந்தார்கள். இயக்குநர் காகிதத்தை விரித்து நாளையும் நேரத்தையும் வாசித்தார். இரண்டு கருந்துளைகளின் எடையையும் தொலைவையும் வாசித்தார். அவள் கணக்கிட்டிருந்ததற்கு மிக நெருக்கமாக இருந்தன. அலை பொய்; ஆனால் சல்லடை தேறிவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வாகனம் நிறுத்துமிடத்தில் அவள் காரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"வெச்சது நீயா?"

"ஆமா."

"பொய் சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்லை. அது உன் வேலை." அவள் குரல் உடைந்தது. "ஆனா அஞ்சு மாசம் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அதுல நீ என்கூட இருக்கேன்னு நினைச்சேன். கடைசியில பார்த்தா, நான் மட்டும் தனியா இருந்திருக்கேன்."



இரண்டு மாதம் கழித்து, கடல் கடந்த நிலையத்தில் ஒன்றரை வருஷ வேலைக்கு ஆள் கேட்டார்கள். அவள் போனாள். சண்டை எதுவும் இல்லை. அவளுடைய பெட்டியை அவனே தூக்கிப்போய் வண்டியில் வைத்தான்.

அப்புறம் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டு நிலையங்களும் சேர்ந்து தினமும் நடத்தும் கூட்டம்தான். கணினித் திரையில் முப்பது முகங்கள். மூன்றாவது வரிசையில் அவள். புதிதாகச் சாம்பல் நிற ஸ்வெட்டர் வாங்கியிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். யார் வெட்டினார்களோ, ஒரு பக்கம் கோணல். இரைச்சல் அளவு பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு மைக்கை அணைத்துவிடுவாள். அதன்பின் அவள் பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரியும், கேட்காது. கூட்டம் முடிந்து முகங்கள் ஒவ்வொன்றாக மறையும்போது அவன் கடைசிவரை பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசினார்கள். மழை பெய்ததா, தண்ணீர்க்குழாயைச் சரிசெய்தாயா என்று கேட்பாள். நீ எப்போ வருவே என்று அவன் கேட்க நினைப்பான். கேட்கமாட்டான். வீட்டில் அவள் பக்கத்துத் தலையணைக்கு வாரம் தவறாமல் உறை மாற்றினான், அதில் யாரும் படுக்காவிட்டாலும்.

பதினாலாவது மாதம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், அவன் முழங்கால் போட்டு ஒரு வால்வை இறுக்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் உள்ளே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க ஏதாவது வெச்சீங்களா?"

"இல்லையே."

"நானும் வைக்கலை. அங்கேயும் யாரும் வைக்கலையாம். பொய் அலை விடற கருவியையே பூட்டி வெச்சிருக்கோம்."

அவன் எழுந்து திரைக்குப் போனான். வளைவு மெதுவாக ஏறி, நெருங்கி, ஒரே துடிப்பில் அடங்கியிருந்தது. அலை இங்கே வந்ததற்கும் அங்கே வந்ததற்கும் நடுவே ஏழு மில்லிநொடி. தன் கண்ணாடிகளைத் தொட்டது தான் அல்ல என்பது அவனுக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது.

போன் அடித்தது. அவளுக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"பார்த்தியா?"

அவன் பேச வாயெடுத்தான். வரவில்லை.

"ஏய், இருக்கியா?"

"இருக்கேன்," என்றான். அப்புறம் அடக்க முடியாமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது," என்று சொல்லிவிட்டு அழுதான்.

அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். சரிபார்த்து வெளியில் சொல்ல இன்னும் எட்டு மாதமாவது ஆகும், அதுவரை அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

"இரு, வரேன்," என்று அங்கே யாருக்கோ சொன்னாள். போனை வைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது அவனுக்குக் கேட்டது. அவனும் போனை வைக்கவில்லை.