கௌரியின் கறிக்கோழிகள்

தலைச்சோலையில் முட்டை என்றால் பாவாயி வீட்டு முட்டைதான். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு, பெரிய மனுஷியான பெண்ணுக்கு என்று எந்த வீட்டில் தேவை வந்தாலும் அவள் வாசலுக்குத்தான் ஆள் வரும். பதினைந்து நாட்டுக்கோழிகள் வைத்திருந்தாள். இருபது வருஷமாக இருந்த அந்தப் பேர், போன ஐப்பசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த வீட்டுக்கு நகர ஆரம்பித்தது.

அடுத்த வீட்டுக்காரி அந்நியம் இல்லை, ஓரகத்தி. பாவாயியின் கணவன் சித்தனுக்கு ஒரே தம்பி கோவிந்தராஜ். அவன் பெண்டாட்டி கௌரி. செம்மநத்தத்திலிருந்து வாழ வந்தவள். வந்த நாளிலிருந்து 'அக்கா அக்கா' என்று பின்னாலேயே திரிந்தவள். கோழி வளர்க்கும் எண்ணம்கூட அவளுக்கு இருந்ததில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் கறி ஆகட்டும் என்று, மலையேறி வந்த குஞ்சு வேனில் பத்து வெள்ளைக் குஞ்சுகள் வாங்கினாள். திருவிழாவில் ஆறு குழம்பாகிவிட்டன. மிஞ்சிய நாலும் பெட்டைகள். அறுக்க மனசு வராமல் விட்டுவைத்தாள்.

அதைப் பார்த்துப் பாவாயி சிரித்தாள். கறிக்கோழி நாற்பத்தைந்து நாள் சாதி, அதற்குமேல் வைத்தால் காலொடிந்து சாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நாலும் சாகவில்லை. காபிச் செடிகளுக்கடியில் வாத்து மாதிரி ஆடி ஆடி நடந்து, சருகைக் கிளறி, புழு பூச்சி தின்று திரிந்தன. ஐப்பசியில் ஒரு நாள் கௌரி ஓடி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இளம்பழுப்பில் ஒரு முட்டை. பாவாயியின் கோழி முட்டை இரண்டைச் சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும்.

அன்றைக்குப் பாவாயி நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். சொன்ன வாய் கசந்தது.

அதற்கப்புறம் காது படும்படியே பேச்சு எழுந்தது. ஏற்காட்டில் மெஸ் நடத்தும் மனுவேல், இத்தனை காலம் பாவாயி வீட்டு வாசலில் நின்ற தன் பைக்கைப் பத்தடி தள்ளி நிறுத்தினான். பாவாயியின் சொந்தத் தங்கை கலாவே, பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளுக்கு 'அந்தப் பெரிய முட்டை' கிடைக்குமா என்று அக்காளிடமே கேட்டாள். அன்றைக்குப் பாவாயிக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் அதே வேன் வந்தது. அவளும் எட்டுக் குஞ்சு வாங்கினாள். எப்படி வளர்ப்பது என்று கௌரியிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். கௌரி எதையும் மறைக்கவில்லை.

"அளந்துதான் போடோணுங்க அக்கா. காலையில ஒரு நேரம், நாலுக்கும் சேர்த்து இந்த ஒரு டப்பா. திருவிழாவுக்கு முன்னால ஒரு சேவலு காலு மடங்கி உழுந்துருச்சுன்னு மாட்டாஸ்பத்திரில கேட்டேனுங்க. கறிக்குன்னே பொறந்த சாதி, வயிறு நெறயறதே தெரியாது, கொழுப்பு ஏறுனா முட்டை நின்னுரும்னாங்க."

பாவாயி தலையாட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. தீனி போடாமல் முட்டை எங்கிருந்து வரும்? தன் குஞ்சுகள் வற்றிப் போகட்டும் என்றுதான் இவள் இப்படிச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினாள். கேழ்வரகு, உடைத்த மக்காச்சோளம், பழைய சோறு என்று வேளைக்கு வேளை கொட்டினாள். எட்டும் பூசணிக்காய் மாதிரி உருண்டு திரண்டன. தை பிறந்தபோது தீனித் தட்டை விட்டு எழவே இல்லை. ஒன்றுக்குக் கால் பரப்பிக்கொண்டது. இரண்டு, உச்சி வெயிலில் நின்ற இடத்திலேயே இறக்கையை அடித்துவிட்டுச் செத்தன. மீதியை ஒவ்வொன்றாகச் சித்தன் அறுத்தான். ஒரு முட்டைகூட வரவில்லை. எட்டும் போன பிறகும் அவளுக்குத் தன் கை மேல் சந்தேகம் வரவில்லை. கௌரி எதையோ ஒளிக்கிறாள் என்பது மட்டும் இன்னும் உறுதியானது.

பங்குனியில் கௌரியின் அம்மாவுக்குச் சேலத்தில் கண் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் கூட இருக்க வேண்டும். கோவிந்தராஜுக்கு எஸ்டேட்டில் மிளகு பறிப்பு. கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொட்டாய்ச் சாவியையும் டப்பாவையும் கௌரி பாவாயியிடம்தான் கொடுத்தாள். வேறு யாரிடமும் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் பாவாயி அந்தக் கொட்டாயைச் சல்லடை போட்டுத் தேடினாள். தீவன மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். முட்டையிடும் பெட்டியின் வைக்கோலைப் பிரித்துப் பார்த்தாள். மருந்துப் புட்டியோ பொட்டலமோ இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரு சிரட்டையில், முட்டை ஓடு கெட்டிப்பட எல்லோரும் போடும் கிளிஞ்சல் தூள் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் அளந்து போட்டாள். கோழிகள் நிமிஷத்தில் தின்றுவிட்டு அவள் காலைச் சுற்றி வந்தன. மூன்றாம் நாளிலிருந்து தினமும் டப்பாவை நிரப்பி நிரப்பி நாலு முறை கொட்டினாள். மத்தியானம் தன் வீட்டுச் சோளத்தையும் கொண்டுவந்து போட்டாள். பசித்த உயிருக்குப் போடுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது: கௌரி திரும்பி வருவதற்குள் இவை என் கையில் இன்னும் கூடுதலாக இட வேண்டும்; அதை ஊர் பார்க்க வேண்டும்.

எட்டாம் நாள் பெட்டியில் கை கொள்ளாத முட்டை ஒன்று கிடந்தது. பாவாயி அதை முந்தானையில் வைத்துக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கினாள். மனுவேல் அதைக் கையில் தூக்கிப் பார்த்து, இரட்டைக் கரு என்றான். எல்லாம் தீனி போடும் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் காலை, நாலில் பெரியது மூலையில் முக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் பிதுங்கி ரத்தமாக வெளியே வந்திருந்தது. மற்றவை அதைக் கொத்திக்கொண்டிருந்தன. பாவாயி அதைத் தூக்கி மடியில் வைத்து, மஞ்சள் கரைத்து ஊற்றி, விரலால் உள்ளே தள்ளப் பார்த்தாள். அடிவயிறு முழுக்கக் கொழுப்பு. பத்து மணிக்குள் அது அவள் மடியிலேயே விறைத்தது. காபிச் செடிக்குள் குழி தோண்டிப் புதைத்தாள். கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் கௌரி இறங்கினாள். பாவாயி கீரிக் கதையைச் சொன்னாள். கௌரி மிச்சமிருந்த மூன்றில் ஒன்றைத் தூக்கினாள். தூக்கியவள் அதைக் கீழே விடாமல் அப்படியே நின்றாள்.

"நொம்பக் கனமா இருக்குதுங்களே அக்கா."

பாவாயிக்கு இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தும் வெளியே வரவில்லை. கீரி இல்லை என்றாள். நாலு டப்பா போட்டதையும், மடியில் வைத்து வைத்தியம் பார்த்ததையும், புதைத்த இடத்தையும் சொன்னாள்.

"அளந்து போடுங்கன்னு சொன்னேனுங்களே. நம்பலீங்களா?"

"நம்பல."

"ஏனுங்க?"

"என்னையக் கெடுக்கத்தான் சொல்றீனு நெனைச்சேன் கண்ணு."

கோழி செத்ததற்கு ஒன்றும் சொல்லாத கௌரியின் முகம் இந்தச் சொல்லுக்குச் சுருங்கியது. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஆனாலும் ஊரில் யாரும் பாவாயியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கௌரி யாரிடமும் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. திட்டியிருந்தால் பாவாயி தாங்கியிருப்பாள். இந்த நல்ல குணமும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்றுதான் எரிந்தது.

வைகாசியில் கௌரியே வந்தாள். மூன்றும் மெலிந்து மறுபடியும் இடத் தொடங்கியிருந்தன. வெள்ளைக் கோழிகள் அடையில் உட்கார்வதில்லை. பாவாயியின் நாட்டுக்கோழி ஒன்று அடையில் இருப்பதைக் கேள்விப்பட்டு ஆறு முட்டை கொண்டுவந்திருந்தாள். பாவாயி வீட்டுச் சேவல்தானே எந்நேரமும் அங்கே மேய்கிறது, குஞ்சில் பாதி உங்களுக்குத்தான் என்றாள். பாவாயி வாங்கி, ஒவ்வொன்றாகக் கோழியின் அடியில் நுழைத்தாள்.

இருபத்தோராம் நாள் நாலு பொரித்தன. கௌரி கூடையை முன்னால் நகர்த்தினாள்.

"நீங்க மொதல்ல எடுங்க அக்கா."

பாவாயி குனிந்து ஒவ்வொரு குஞ்சாகக் காலைத் தடவி, முகர்ந்து, இரண்டைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். மிச்ச இரண்டும் கௌரியின் கைக்குப் போயின. அதில் ஒன்று, மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்தது, அங்கே போனதும் தலையைத் தூக்கிக் கீச்சென்று கத்தியது. அதைத்தான் எடுத்திருக்க வேண்டுமோ என்று பாவாயிக்கு அப்போதே தோன்றிவிட்டது.