கதவில் ஒட்டிய பெயர்

வெர்லீன் டக்கிளின் மூன்று டிப்பர் லாரிகளும் குளிர்காலத்திலிருந்து ஷெட்டை விட்டு நகரவில்லை. டயருக்கு அடியில் புல் முளைத்துவிட்டது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகராட்சியோ ஊரின் தெற்குப் பக்கம் முழுக்கச் சாலையைத் தோண்டிப் போட்டு, பழைய சாக்கடைக் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தது. மலை மலையாக மண் வெளியே போனது. அதில் ஒரு கூடை மண்கூட வெர்லீனின் லாரியில் ஏறவில்லை. எல்லாம் டார்னெட்டா புரூயிட்டின் பெயரில் போனது.

வேறு யார் பெயரில் போயிருந்தாலும் அவளுக்கு இத்தனை எரிச்சல் இருந்திருக்காது. டார்னெட்டா அவளிடம் ஆறு வருஷம் சம்பளத்துக்கு லாரி ஓட்டியவள். பிறகு ஓட்டை லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள். நகராட்சியில் பெண்கள் நடத்தும் கம்பெனி என்று சான்றிதழ் வாங்க, வெர்லீன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் பூர்த்தி செய்து கொடுத்தாள். அப்போதெல்லாம் டார்னெட்டாவைப் பாவம் என்று நினைக்க முடிந்தது. பாவம் என்று நினைக்க முடிகிற வரைக்கும் வெர்லீனுக்கு யார் மேலும் பிரியம் உண்டு.

நகராட்சி வேலையை எடுக்கிற பெரிய கம்பெனி, அதில் ஒரு பங்கைக் கருப்பர்களோ பெண்களோ நடத்துகிற சின்னக் கம்பெனிக்குத் தர வேண்டும். தரவில்லை என்றால், தேடினோம், கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். அதனால் டெண்டர் மூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஃபோன் அடிக்கும். மண் அடிக்க உங்கள் ரேட் என்ன என்று கேட்பார்கள். சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். கூப்பிட்டதற்குச் சாட்சி ஆயிற்று, அவ்வளவுதான். வெர்லீன் பல வருஷம் மரியாதையாக ரேட் சொல்லிப் பார்த்தாள். போன வருஷம் ஹால்புரூக் கம்பெனியிலிருந்து ஒருத்தன் கூப்பிட்டபோது அலுத்துப்போய், "உன் ஃபைலை ரொப்ப வேற எவளாவது இருப்பா, அவகிட்ட கேளு" என்று வைத்துவிட்டாள்.

அந்த வேற எவள், டார்னெட்டா. அந்த ஒரு தடவை ஹால்புரூக் நிஜமாகவே கேட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் டார்னெட்டாவை எழுந்து நிற்கச் சொன்னார். மஞ்சள் தொப்பியோடு அவள் எழுந்து நின்றாள். சபையே கை தட்டியது. வெர்லீனும் தட்டினாள்.

"மெதுவா தட்டுங்க பாஸ். அதுல கொசு எதுவும் இல்ல," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூதர் கெய்ன்ஸ். அவளுடைய மூத்த டிரைவர். வேலை இல்லாத நாளிலும் வாய்க்கு மட்டும் லீவு விடாதவன்.

வாசலில் டார்னெட்டா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்கீங்க வெர்லீன்?"

நேற்று வரைக்கும் மரியாதையாக மிஸ் வெர்லீன். இன்றைக்கு வெறும் வெர்லீன். அந்த 'மிஸ்' எங்கே விழுந்தது என்று வெர்லீன் ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு டார்னெட்டா எத்தனையோ முறை ஃபோன் செய்தாள். வெர்லீன் எடுக்கவில்லை. பீற்றிக்கொள்ளத்தானே கூப்பிடுகிறாள், அதற்கு நான் காது கொடுக்க வேண்டுமா என்று விட்டுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பேட்டரி வாங்கப் போன வழியில், தோண்டிப் போட்ட சாலையோரம் சிக்னலில் கார் நின்றது. பக்கத்தில் மண் லோடோடு ஒரு டிப்பர். கதவில் 'புரூயிட் ஹாலிங்' என்று சிவப்பில் ஒரு காந்தத் தகடு ஒட்டியிருந்தது. வெர்லீன் முகத்தைத் திருப்பப் போனாள். அப்போதுதான் வலது மட்காட்டில் இருந்த ஒடுக்கு கண்ணில் பட்டது.

அந்த ஒடுக்கை அவளுக்கு நன்றாகவே தெரியும். போட்டதே அவள்தான். ஒரு மழைநாளில் ஜல்லிக் குவாரி வாசலில் பின்னால் எடுக்கும்போது இடித்தாள். இடி வாங்கியது ஹால்புரூக்கின் லாரி. காற்றில் தகட்டின் ஓரம் தூக்கியது. அடியில் ஹால்புரூக்கின் பச்சை எழுத்து எட்டிப் பார்த்தது.

அவர்கள் லாரி, இவள் பெயர். வேலையையும் அவர்களே செய்து, பங்கு கொடுத்துவிட்டோம் என்று கணக்கும் காட்டுகிறார்கள். டார்னெட்டா சும்மா நின்று பெயரை வாடகைக்கு விடுகிறாள்.

வெர்லீனுக்கு மாதக்கணக்கில் வராத பசி வந்தது. கடையில் நிறுத்தி, பொரித்த கெளுத்தி மீன் ஒரு தட்டு வாங்கி, முள் மட்டும் மிச்சம் வைத்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு, காரில் உட்கார்ந்தபடியே நகராட்சி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள்.

"என் பேரு வேணாம். ஹால்புரூக் லாரியில புரூயிட் பேரை ஒட்டி ஓட்டுறாங்க. வலது மட்காட்டுல ஒடுக்கு விழுந்த வண்டி. போய்ப் பாருங்க."

அந்தப் பக்கம் பேசிய பெண் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "நாளைக்கு நானே வந்து பார்க்கிறேம்மா," என்றாள்.

பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெர்லீன் ஷெட்டுக்குத் திரும்பினாள். அங்கே கவிழ்த்துப்போட்ட வாளி மேல் டார்னெட்டா உட்கார்ந்திருந்தாள். லூதர் அவளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். மஞ்சள் தொப்பி இல்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"ஃபோனை எடுக்க மாட்டேங்கிறீங்க. அதான் நேர்லயே வந்துட்டேன்."

"பெரிய ஆளுங்க வர்ற இடமாடி இது? துடைச்சு வச்சிருப்பேனே," என்றாள் வெர்லீன்.

"குத்துறதை அப்புறம் குத்துங்க. என் லாரி ரெண்டுக்கும் கியர்பாக்ஸ் போச்சு. மண்ணு நிக்கக் கூடாதுன்னு ஹால்புரூக் அவன் வண்டியிலயே என் பேரை ஒட்டி ஓட்டுறான். நான் வேணாம்னேன். அப்போ வேலையை விட்டுட்டுப் போம்மாங்கிறான். நகராட்சிக்குத் தெரிஞ்சா என் சான்றிதழ் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது."

"அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"வாடகைக்கு லாரி எடுக்கலாம். ஆனா சான்றிதழ் இருக்கிற இன்னொரு கம்பெனி லாரியா இருக்கணும். இந்த ஊர்ல சான்றிதழும் இருந்து, லாரியும் சும்மா நிக்கிறது யார்கிட்டன்னு உங்களுக்கே தெரியும். அதைக் கேக்கத்தான் இத்தனை நாளா கூப்பிட்டேன்."

மூன்று லாரிக்கும் வேலை இத்தனை நாளும் வெர்லீனின் பைக்குள்ளேயே ஃபோனாக அடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அவள்தான் எடுக்கவில்லை. இப்போது அந்த வேலைக்கே நாளைக்குக் குழி தோண்ட ஆளை அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஒரு விஷயம்," என்றாள் டார்னெட்டா, காபியைப் பார்த்துக்கொண்டு. "சட்டப்படி வாடகை வண்டியிலயும் என் பேருதான் இருக்கணும்."

"என் லாரியில உன் பேரா?"

"பேரு ஒட்டினா டயர் வெடிச்சிராது பாஸ்," என்றான் லூதர். "சும்மா நின்னாத்தான் வெடிக்கும்."

வெர்லீன் அவனை முறைத்தாள். பிறகு, "காலையில எப்போ வேலை ஆரம்பம்?" என்று கேட்டாள்.

"அவசரம் இல்ல. திங்கட்கிழமை வந்தாப் போதும்."

"நாளைக்கே வரணும்."

டார்னெட்டா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் நாளைக்கே?"

"புல்லு முளைச்சிருச்சு."

டார்னெட்டா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. வாடகை ஒப்பந்தத்தை மடித்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். லாரியின் பானெட் மேல் வைத்தே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

காலையில் மூன்று லாரியும் வேலையிடத்துக்கு வந்து நின்றன. ஒன்றில் லூதர், ஒன்றில் அவன் தம்பி. மூன்றாவதை வெர்லீனே ஓட்டிவந்தாள். ஹால்புரூக்கின் ஆட்களிடம் டார்னெட்டா என்ன சொன்னாளோ, அவர்கள் லாரிகள் தகடு கழற்றப்பட்டு ஒரு மூலையில் நின்றன. கழற்றிய தகடுகளை அவளே எடுத்துவந்தாள். வெர்லீனின் பழைய லாரி இரண்டிலும் அவை டப்பென்று பிடித்துக்கொண்டன. அவள் ஓட்டிவந்த நீல லாரியில் பிடிக்கவில்லை. கதவு அலுமினியம், காந்தம் ஒட்டாது. வைக்க வைக்கத் தகடு வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

"உங்களை மாதிரியே இருக்கு இதுவும்," என்றாள் டார்னெட்டா.

"டேப் கொண்டா."

கதவில் பொன்னிற எழுத்தில் 'டக்கிள்' என்று இருந்தது. பழசு வாங்காமல் புதுசாகவே வாங்கிய முதல் லாரி. எழுதியவனை நாலு தடவை அழிக்கச் சொல்லித் திரும்ப எழுத வைத்தவள் அவள். அதன் மேல் தகட்டை வைத்து, நான்கு ஓரமும் டேப் அடித்தாள்.

வேலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு மேல்சட்டையோடு நகராட்சிப் பெண் வந்தாள். சின்ன வயது. முதலில் அந்த ஒடுக்கு விழுந்த லாரியைத் தேடிப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். கதவில் பச்சை எழுத்து மட்டும்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு டிரைவராக விசாரித்துக்கொண்டு வந்தாள். கடைசியாக நீல லாரியின் ஜன்னலுக்கு அடியில் நின்றாள்.

"இது யாரோட லாரிம்மா?"

"என்னோடது. வாடகைக்கு விட்டிருக்கேன். ஒப்பந்தம் இருக்கு, பாருங்க."

அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். "உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

"சர்ச்சில பாடுவேன்."

"நேத்து வரைக்கும் இங்க யார் லாரி ஓடிச்சுன்னு தெரியுமா?"

தூரத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு டார்னெட்டா நின்றிருந்தாள். மண் அள்ளும் எந்திரத்துக்குக் கையைக் காட்டினாள். அது அவள் கை போன பக்கம் திரும்பியது. இவ்வளவு பெரிய எந்திரம், அவள் கையை ஆட்டினால் போகிறது. ஒரே ஒரு வார்த்தை போதும் என்று வெர்லீனுக்குத் தோன்றியது. நாளைக்கு அந்த ஹெல்மெட் அங்கே இருக்காது. இந்த மூன்று லாரியும்தான் இருக்காது.

"நேத்து என் லாரி ஷெட்ல நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"இப்போ யாருக்குக் கீழ வேலை செய்றீங்க?"

அந்தப் பெயர் எளிதில் வருவதாக இல்லை. முதலில் விரலைத்தான் நீட்டினாள்.

"அதோ நிக்கிறாளே, அவளுக்கு. டார்னெட்டா புரூயிட்."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். இன்னொரு முறை வெர்லீனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் கார் கிளம்பிய பிறகுதான் டார்னெட்டா மெதுவாக நடந்து வந்தாள்.

"அந்தப் பொண்ணு சொல்லிச்சு, மட்காட்டுல ஒடுக்குன்னு யாரோ ஃபோன்ல அடையாளம் சொன்னாங்களாம். எத்தனை வாரமா அந்த வண்டி எம் பேர்ல ஓடிச்சு, அதுல ஒடுக்கு இருக்கிறது எனக்கே தெரியாது, மிஸ் வெர்லீன்."

அந்த 'மிஸ்' திரும்பி வந்திருந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"லோடு ஏறிடுச்சு. வழி விடு."

"விடுறேன். ஆனா இங்க வண்டி எப்போ கிளம்பணும்னு நான்தான் சொல்லணும்." டார்னெட்டா அவசரப்படவில்லை. எந்திரத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், மற்ற இரண்டு லாரிகளையும் பார்த்தாள். பிறகு கதவில் தன் பெயரின் மேலேயே இரண்டு தட்டுத் தட்டினாள். "போங்க."

வெர்லீன் கியர் போட்டாள். லாரி முழு மண் ஏறி இருந்தது. ஸ்டியரிங்கில் அந்தக் கனம் தெரிந்தது. எத்தனையோ மாதம் ஆகியிருந்தது அந்தக் கனம் கையில் பட்டு. சிக்னலில் வண்டி நின்றது. காற்று டேப்பின் ஒரு முனையைப் பிரித்துத் தகட்டைப் படபடவென்று அடித்தது. அடியிலிருந்து பொன்னிற எழுத்து எட்டிப் பார்த்தது. பக்கத்துக் காரில் இருந்தவன் நிமிர்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு என்னய்யா வேணும்?" என்றாள் வெர்லீன்.

ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, டார்னெட்டாவின் பெயரை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து ஒட்டினாள். சிக்னலில் பச்சை விளக்கு விழுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.