வண்டியின் பின்னால் வந்த தீ

கட்டில் கடையில் பற்றிய தீ, அணைக்கப்பட்ட அன்று மாலையே தீயணைப்பு வண்டியின் பின்னால் நடந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு கன்றுக்குட்டி அளவுதான் இருந்தது. வழியில் யாரையும் தொடவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது அதுவும் நின்றது. வண்டி உள்ளே போனதும் பயிற்சி மைதானத்தின் மூலையில், காலை மடித்து உட்கார்ந்து இருமியது. வாசலில் இருந்த காவலாளி, கேட்டைச் சாத்துவதா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். அது ஏன் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. சுவாலை அடங்கியதும் சாம்பலைக் கிளறி, அடிவரை நனைத்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். அன்று எல்லோருக்கும் அசதி. கிளறியவர் நனைக்கவில்லை, தொட்டுப் பார்க்க வேண்டியவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பயிற்சியில் அதைச் செய்து பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாளே அதை அணைக்கப் பார்த்தார்கள். தண்ணீர் பட்டதும் படுத்தது, ஆவி விட்டது; இவர்கள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தது. பாதி அணைந்த தீயை அப்படி அணைக்க முடியாது. எட்டுப் பேர் வேண்டும். அவரவர் இடத்தில் நின்று, சுற்றி வளைத்து, ஒரே மூச்சில் நனைத்துக் கிளறித் தொட்டுப் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், ஊரிலிருந்து தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என இரண்டு வகையிலும் நிலையத்தில் ஆள் இருந்தது. ஆனால் சனிக்கிழமை காலைப் பயிற்சியில் எட்டுப் பேர் ஒன்றாகக் கூடியதே இல்லை. ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தது அந்தத் தீ ஒன்றுதான். வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் பயிற்சி அக்கா என்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்று கண்ணை மூடி இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்டுதான் தொடங்குவார். வேண்டுதல் பல ஆண்டுகளாக ஒன்றேதான்: இந்தப் பிள்ளைகள் போன மாதிரியே திரும்பி வர வேண்டும். ஒரு முறை அது பாதிதான் பலித்தது. ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் தீ. உள்ளே போன தன்னார்வலரான முடிதிருத்துபவர், புகையில் வலது கையைச் சுவரில் வைத்துத் தவழ்ந்து போனார். திரும்பும்போது இடது கையைச் சுவரில் வைக்க வேண்டும். அப்போதுதான் போன சுவரையே பிடித்துக்கொண்டு வந்த வழியே வெளியே வரலாம். அவர் மறுபடியும் வலது கையையே வைத்தார். எதிர்ச்சுவர் அவரை இன்னும் உள்ளே கூட்டிப் போயிற்று. தூக்கி வந்தபோது உயிர் இருந்தது. குரல் போய், கிசுகிசுப்புதான் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி கேட்டாள்: “உள்ள அனுப்புறதுக்கு முன்னாடி இவருக்குச் சொல்லிக்குடுத்தீங்களா அக்கா?” அந்தப் பாடம் நடந்த வாரம் அவர் வரவில்லை. அதை அக்கா சொல்லவில்லை. “இன்னும் நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கணும்மா” என்றார். இனி ஒருமுறை, வேறொரு பெண் இதே கேள்வியைக் கட்டிலில் உயிரோடு ஆள் இல்லாமல் கேட்டுவிடுவாளோ என்ற பயம் அன்று அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கியதில்லை.

ஆளைக் கூட்டச் செய்யாததில்லை. தலைமையகம் சுற்றறிக்கை அனுப்பியது. விடுப்பை வெட்டுவோம் என்றது. அதிக நாள் வருபவருக்குக் கேடயம் என்றது. கேடயத்தைக் கடைசியில் தீக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். சம்பளக்காரர்கள் வந்து தலையைக் காட்டிவிட்டு நிழலில் சாய்ந்தார்கள். “நாங்க பாக்காத நெருப்பாக்கா?” என்றார்கள். முகத்தில் கைக்குட்டை கட்டி வரும் தன்னார்வலர்களுக்குக் கைக்குட்டைப் படை என்று பெயர் வைத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் இவர்களைப் பென்ஷன் படை என்றார்கள். “குறட்டை விடுறதுக்கு அவங்களுக்குச் சம்பளம். நாங்க சொந்தக் காசுல வந்து வெயில்ல தவழணுமாம்” என்றார் அவர்களில் ஒருவரான தையற்காரர். பிறகு அவரும் வருவதை நிறுத்தினார்.

ஒரு சனிக்கிழமை யாருமே வரவில்லை. அக்கா தொட்டியருகே வேண்டிக்கொண்டார். எதிரே இருந்த தீயைப் பார்த்து, சாம்பலைக் கிளறும் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை நடத்தினார். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, “எனக்கு முடியல” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தீ எழுந்து, கேட்டைத் தாண்டி வெளியே நடந்தது. அக்கா வாளியில் தண்ணீரை மொண்டுகொண்டு பின்னாலேயே ஓடினார். அது கடைத்தெரு வழியே அவசரமில்லாமல் போயிற்று. பால்காரரின் கேனில் பால் பொங்கியது. அவர் கேனை நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

முதலில் தையற்காரர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றது. உள்ளே அவர் தன் அப்பாவைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி ஒரு கையால் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. மனைவிக்குச் சனிக்கிழமை காலை ஷிஃப்ட். அடுத்து இன்னொரு தன்னார்வலரான ரொட்டிக்கடைக்காரர் வீடு. இரவெல்லாம் கடை அடுப்படியில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்தவர், புருவத்தில் மாவோடு தரையில் கிடந்தார். “காலைல ஆறு மணிங்கறது எனக்கு நடுச்சாமம் அக்கா” என்று கண்ணைத் திறக்காமல் சொன்னார். சம்பளக்காரர்களில் மூத்தவரான ஏணி அண்ணன், வாசற்படியில் முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். தீயைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “மேல ஏறுனா கால் நடுங்குது தங்கச்சி. அந்தக் கைக்குட்டைப் பசங்க முன்னாடி நான் நடுங்கணுமா?” என்றார். கேட்டிருந்தால் எல்லோருமே சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்டதில்லை.

கடைசியாக முடிதிருத்துபவர் வீடு. கதவு திறந்திருந்தது. நிலைப்படிக்கு உள்ளே அவர் சீருடையும் பூட்ஸும் போட்டு, ஹெல்மெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான் என்றாள் மனைவி. உடுத்திக்கொள்வார், இந்த இடம்வரை வருவார், படியைத் தாண்ட மாட்டார், மதியம் கழற்றி வைத்துவிடுவார். தீ படிக்குக் கீழே அமர்ந்தது. அவருக்கு வியர்த்தது. அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்த வாரம் நானே வர்றேன் தம்பி. சேர்ந்து நடக்கலாம். வர முடியலைன்னா ரெண்டு பேரும் இங்கயே நிப்போம்” என்றார்.

அடுத்த வாரம் நிலைப்படியில் இருவரும் நின்றார்கள். அதற்கடுத்த வாரமும் நின்றார்கள். பிறகு ஒரு நாள் அவர் படியைத் தாண்டினார். பயிற்சி நேரத்தை அக்கா மாலைக்கு மாற்றினார். காலை ஆறு மணி என்று வைத்தது யார் என்று விசாரித்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மாலையில் தையற்காரரின் மனைவி வீட்டில் இருந்தும், பெரியவரைத் தூக்க அவளால் தனியே முடியாது. அதனால் அக்காவின் கணவர் சனிக்கிழமைதோறும் தையற்காரர் வீட்டுக்குப் போய், அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்துச் செய்தித்தாள் படித்துக் காட்டினார். அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகாததால் பெரியவருக்குப் பேச்சு ஓரளவு திரும்பியது. ஏணி அண்ணனை ஏறச் சொல்லவில்லை. ஏணியின் அடியை மிதித்துப் பிடிக்க எடையும் அனுபவமும் வேண்டும், வேறு யாரை நம்பி மேலே அனுப்புவது என்று அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார். அது உண்மையும்கூட. “மேல போறவன் பயப்படாதே. கீழ நான் இருக்கேன், நூத்திப்பத்து கிலோ” என்றார் அவர். அன்று ஏணியில் முதலில் ஏறியவர் தையற்காரர்.

கூட்டம் ஒரேயடியாகச் சேரவில்லை. ஒரு வாரம் நான்கு பேர், ஒரு வாரம் ஆறு, மழை வாரத்தில் மீண்டும் இரண்டு. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துத் தவழ்ந்தார்கள். கையை மாற்ற மறந்தவரைச் சுவரோரம் உட்கார்ந்திருந்த முடிதிருத்துபவர் கணுக்காலில் தட்டினார். கிசுகிசுப்பைக் கேட்க மற்றவர்கள் வாயை மூட வேண்டியிருந்ததால், பயிற்சி முன்னைவிட அமைதியாக நடந்தது. இரண்டு படைகளும் ஒருவரையொருவர் பழைய பெயர்களிலேயே கூப்பிட்டார்கள். இப்போது சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். தீக்கு வயதாகிக்கொண்டிருந்தது. உட்காருவதற்குக்கூட மூச்சு வாங்கியது.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை எட்டுப் பேர் நின்றார்கள். யாரும் ஏவாமலே அவரவர் இடத்துக்குப் போனார்கள். தீ எழுந்து கோட்டைத் தாண்டி, நடுமைதானத்தில் வந்து படுத்துக்கொண்டது. நனைத்தார்கள், வளைத்தார்கள், கிளறினார்கள், மறுபடி நனைத்தார்கள். அது சண்டை போடவில்லை. கடைசியில் முடிதிருத்துபவர் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, சாம்பலின் அடிவரைக்கும் புறங்கையை நுழைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். “ஆறிடுச்சு” என்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அன்று வீட்டுக்குப் போனவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டார் என்று அவர் கணவர் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா மெதுவாகத்தான் வந்தார். அணைக்க வேண்டியது அணைந்துவிட்டது. இனி இவர்கள் எதற்கு வரப்போகிறார்கள் என்ற எண்ணத்தில் கால் எழவில்லை. மைதானத்தில் ஏழு பேர் குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் சற்றுப் பிந்தி, மாவு உதிர வந்தார். அக்கா வேண்டுதலை முடித்துக் கண்ணைத் திறந்தபோது கேட்டருகே ஒரு தீ நின்றது. ரப்பர் வாடை அடித்தது, ஒரு கால் நொண்டியது. வெகுதூரம் நடந்த புழுதி அதன் மேல் படிந்திருந்தது. “இது நம்மளது இல்லையே” என்றார் தையற்காரர். “அடுத்த ஊர் டயர் கிடங்கு போன மாசம் எரிஞ்சுதுல்ல, அதுவா இருக்கும்” என்றார் ஏணி அண்ணன். “எவனோ தொட்டுப் பாக்காம வண்டியேறியிருக்கான்.” முடிதிருத்துபவர் போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டார். அக்கா ஒரு பெருமூச்சு விட்டார்; பிறகு, “நொண்டுது பாவம், அவசரப்படுத்தாதீங்க. உக்காந்து மூச்சு வாங்கட்டும். நாம முதல்ல ஏணியை எடுப்போம்” என்றார்.