வலப்பக்கத்துச் சொல்

ஆய்வுக்கூடத்தில் கணினிகளைப் பராமரிப்பவன் எழுதிய ஸ்கிரிப்ட் ஒரே வேலைதான் செய்யும். கருப்புத் திரையில் அதன் பெயரையும் பக்கத்தில் ஒரு ஃபோல்டரின் பெயரையும் அடித்தால், அந்த ஃபோல்டரைத் துடைத்துவிடும். ஃபோல்டர் பெயரை அடிக்க மறந்தால் துடைக்காது. அதற்காக முதல் வரியிலேயே இரண்டு செங்குத்துக் கோடுகள் போட்டிருந்தான். இடப்பக்கம் 'பெயர் இருக்கிறதா?' என்ற சோதனை. இல்லையென்றால் மட்டும் வலப்பக்கத்துச் சொல் நடக்கும்: நிறுத்து.

துறைத்தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"என்னப்பா, மாசக் கடைசில துடைக்கப் போனா என்னையே கேள்வி கேக்குது? நான் துடைக்கிறது டெம்ப் ஃபோல்டர் மட்டும்தான். அதையும் நானே அடிக்கணுமா?"

"ஒரு வார்த்தைதான் சார்..."

"என் வீட்டுக்காரிகூட இவ்வளவு கேக்கறதில்ல."

அறையில் இருந்த மூன்று பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மல்லுக்கு நிற்க அலுப்பாக இருந்தது. 'நிறுத்து' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில், தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரின் பெயரை எழுதினான். இனி பெயர் எதுவும் அடிக்காவிட்டால் அதுவே துடைபடும். அரை நிமிட வேலை.

அவனுடைய அக்காவும் அங்கேதான் ஆய்வு செய்தாள். தவளைகளின் குரல். நான்கு மழைக்காலம் ஒரே குளத்தில் முழங்கால் சேற்றில் நின்று பதிவு செய்தவை. அவளுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியபோது, "இப்போதைக்கு டெம்ப்ல போட்டு வை அக்கா, நாளைக்கு இடம் கூட்டித் தரேன்" என்றான். அந்த நாளை மூன்று வாரமாக இழுத்தது. டெம்ப் ஃபோல்டருக்கு நகல் எடுக்கும் வழக்கமும் கிடையாது.

மாதக் கடைசியில் தலைவர் ஸ்கிரிப்டை ஓட்டினார். பெயர் எதுவும் அடிக்கவில்லை. அதுவும் எதுவும் கேட்கவில்லை.

"டேய், காலியா இருக்குடா" என்று அக்கா வந்து நின்றாள்.

"மறுபடி பதிவு பண்ணிக்கலாமே" என்றார் தலைவர்.

"அந்தக் குளத்தை மூடிட்டாங்க சார். கார் நிறுத்துறாங்க."

தலைவர் அவன் பக்கம் திரும்பினார். "ஆரம்பத்துலயே ஒரு தடுப்பு போட்டிருக்கணும் தம்பி."

"போட்டிருந்தியா?" என்றாள் அக்கா.

"போட்டிருந்தேன்."

"யார் எடுத்தது?"

அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கைபேசியைப் பார்த்தார்.

"நான்தான்கா."

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார்கள். அன்று அவள் காத்திருக்கவில்லை. அவன் உட்கார்ந்து, வலப்பக்கத்தில் பழைய சொல்லையே திரும்ப எழுதினான்.

அதற்கும் அரை நிமிடம்தான் ஆனது.