பத்தொன்பதாம் எண் குனியவில்லை

நெடுந்துறை நகரத்தின் தோரண வீதியில் இருக்கும் கட்டடங்கள், முக்கிய விருந்தினர் ஊருக்குள் வரும்போது பதினாறு பாகை முன்னால் குனிய வேண்டும். அலங்கார வளைவிலிருந்து நகரமன்றம் வரை இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்திரண்டு கட்டடங்கள். விருந்தினரின் கார் தன் வாசலுக்கு வரும்போது குனிந்து, தாண்டிப் போனதும் நிமிர்ந்துகொள்ள வேண்டும். வீதியின் தரவிதிப் புத்தகத்தில் இது நாற்பதாவது விதி. அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை எல்லா ஊரிலும் இருப்பவைதான். உயரம் முப்பது அடியைத் தாண்டக் கூடாது, சுவர் சந்தன நிறத்தில் இருக்க வேண்டும், வீதியைப் பார்த்து ஈரத்துணி காயப்போடக் கூடாது.

பத்தொன்பதாம் எண் கட்டடம் ஞானசுந்தரியுடையது. அவளுடைய அப்பா கட்டியது. கீழே முன்பக்கம் பல் செட் செய்யும் பட்டறை, பின்பக்கம் அவள் வீடு, மாடியில் வாடகைக்கு ஒரு குடித்தனம். ஞானசுந்தரிக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பதை ஊர் நிறுத்திப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பத்து வருஷமும் அவளுக்கு நிம்மதியாகவே போயின.

குனியும் நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்திருந்தது. பாரிஸ் சாந்தில் வார்த்த தாடை அச்சுகளையெல்லாம் துணியில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடுவாள். பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள். வாயில் மெழுகோடு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரிடம் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வாள். கட்டடமும் பழகிய கட்டடம். முன்வரிசையில் உள்ள எதையும்விட அழகாகக் குனியும் என்று நகரமன்றத்தில் ஒருமுறை பாராட்டிப் பேசியிருக்கிறார்கள்.

போன ஐப்பசியில் அது குனியவில்லை. தை மாதமும் குனியவில்லை. இரண்டு பக்கமும் எல்லாக் கட்டடங்களும் பணிந்து நிற்க, பத்தொன்பதாம் எண் மட்டும் நேராக நின்றது. மூன்றாவது முறைக்கு முன்னால் நகராட்சியின் வீதி ஆய்வாளர் துளசிமணி வந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டினாள். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு விருந்தினர் வருகிறார். அன்றைக்கும் குனியாவிட்டால், கட்டடத்தை அதிலுள்ளவர்களோடு சேர்த்து எடுத்துப்போய்ப் புறவழிச்சாலைக்கு அப்பால் உப்பளத்தின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். ஏழாம் எண்ணில் இருந்த ஓட்டலை அப்படித்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோனார்கள். அது இப்போது உப்புக் குவியல்களுக்கு நடுவில் நிற்கிறது. காற்று நன்றாக வருகிறது என்று முதலாளி சொல்கிறார். சாப்பிடத்தான் யாரும் வருவதில்லை.

ஞானசுந்தரிக்குத் தன்னைப் பற்றிய கவலையைவிட வாடிக்கையாளர்களைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. அவர்கள் எல்லோரும் வயதானவர்கள். தடியை ஊன்றிக்கொண்டு நடந்தே வருகிறவர்கள். உப்பளத்துக்குப் பஸ் கிடையாது. ஈறு உறுத்துகிறது, செட் ஆடுகிறது என்றால் அவ்வளவு தூரம் எப்படி வருவார்கள்? கஞ்சி குடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அவள் முதலில் ஒரு கொத்தனாரை வரவழைத்தாள். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்தார், அஸ்திவாரத்தில் காது வைத்துக் கேட்டார். விரிசலும் இல்லை, துருவும் இல்லை, கட்டடம்தான் மனசு வைக்கமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் ஞானசுந்தரி நடுக்கூடத்தில் நின்று கட்டடத்தைத் திட்டினாள். அப்பா உன்னை இப்படியா வளர்த்தார் என்றுகூடக் கேட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. அந்த நேரத்தில் அவள் மாடியில் இருந்தாள். தண்ணீர்த் தொட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று கேட்கப் போயிருந்தாள்.

மாடியில் குடியிருந்தவர் சிங்காரவடிவேலு. முப்பத்தொரு வருஷம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. போன புரட்டாசியில் அவர் குடிவந்தபோது கூடவே முப்பத்தெட்டுக் கண்ணாடித் தொட்டிகளும் வந்தன. எல்லாவற்றிலும் கப்பி மீன்கள். சுண்டுவிரலில் பாதி நீளம், வாலில் மட்டும் வண்ணம். விளக்கைச் சுற்றிச் சுற்றியே வாழ்ந்தவருக்கு வெளிச்சத்தில் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால்தான் சோறு இறங்குமாம். தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்பதை ஞானசுந்தரி கேட்காமலே தெரிந்துகொண்டாள்.

சங்கு ஊதியது. எதிர்வரிசையில் தபால் நிலையமும் துணிக்கடையும் குனிவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் எண்ணும் குனியத் தொடங்கியது. தரை மெல்லச் சரிந்தது. முப்பத்தெட்டுத் தொட்டிகளிலும் தண்ணீர் ஒரே பக்கமாக ஏறி விளிம்பைத் தொட்டது. மீன்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நின்றன. ஒரு விரற்கடை, அவ்வளவுதான். கட்டடம் அங்கேயே நின்றது. பிறகு தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற பக்குவத்தில் நிமிர்ந்துகொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே சிந்தவில்லை.

பிறகு சிங்காரவடிவேலு, “நான் காலி பண்ணிடுதேன்மா” என்றார்.

சரி என்று சொல்ல ஞானசுந்தரிக்கு வாய் வரை வந்துவிட்டது. அவர் அதற்குள் ஒரு பானையைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் எந்தத் தொட்டியைக் காலி செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொட்டியாகப் போய்ப் போய்த் திரும்பி வந்தார். பானை காலியாகவே இருந்தது. எங்கே போவீர்கள் என்று அவள் கேட்டதற்கு, தங்கச்சி மகன் வீடு ஒன்று மலையடிவாரத்தில் இருக்கிறது, தரைதான் கொஞ்சம் சரிவு என்றார்.

“வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கி வந்தாள்.

புதன்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தரவிதிப் புத்தகம் அங்கே படிப்பறையில் ஒரு மேஜையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இதற்கு முன்னால் யாரும் அதை நாற்பதாவது விதிக்கு மேல் படித்ததில்லை என்பது தாள்களின் மடிப்பிலேயே தெரிந்தது. அவள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. மூன்றரை மணிக்கு எழுபத்து நான்காவது விதிக்கு வந்தாள். கருவுற்ற எவரேனும் தங்கியிருக்கும் கட்டடம், பேறுகாலம் வரை குனிய வேண்டியதில்லை.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு நடந்தே வீடு திரும்பினாள். தனக்கு வயது ஐம்பத்திரண்டு, மாடியில் இருப்பவருக்கு அறுபத்து மூன்று. உறவுக்காரப் பெண்களில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று வழியெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஒருத்திதான் இருந்தாள், அவளும் போன வாரம் பெற்றுவிட்டாள். படியேறிப் போய்ச் சிங்காரவடிவேலுவிடம் அவருடைய சொந்தத்தில் அப்படி யாராவது உண்டா என்று விசாரித்தாள்.

அவர் வெகுநேரம் யோசித்தார். யோசித்துக்கொண்டே மீன்களுக்குத் தீனி போட்டார். மூன்றாவது தொட்டியிடம் வந்ததும் அவர் கை நின்றது.

“மத்த மீன் மாதிரி இதுக முட்டை போடாதும்மா” என்றார். “குட்டிதான் போடும்.”

ஞானசுந்தரி சொல்லியனுப்ப, வியாழக்கிழமை காலை துளசிமணி வந்தாள். முப்பது வயதுக்காரி. சாய்வு பார்க்க, நூலில் கட்டிய தூக்குக்குண்டு ஒன்று எப்போதும் அவள் தோளில் தொங்கும். கடுமையானவள் என்று வீதியில் பெயர் எடுத்திருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினாள். சிங்காரவடிவேலு மூன்றாவது தொட்டியின் விளக்கைப் போட்டார். ஒரு மீன் மற்றவற்றைவிட்டு விலகி, பாசி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. வயிறு பெருத்து, வாலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்திருந்தது. அந்தப் புள்ளிதான் அடையாளம் என்று அவர் விளக்கினார். ஞானசுந்தரி பட்டறையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வந்து கொடுத்தாள். துளசிமணி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். கர்ப்பத்தில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. வேறொரு சிக்கல் இருந்தது.

விதியில் ‘எவரேனும்’ என்று இருக்கிறது. மீன் அஃறிணை. ‘எதுவேனும்’ என்று இருந்திருந்தால் அவள் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவாள். இப்போது அது முடியாது என்றாள். சொல்லும்போது அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஞானசுந்தரி முந்தின நாள் படித்தது வீண்போகவில்லை. மூன்றாவது விதியைப் பார்க்கச் சொன்னாள். துளசிமணி பையிலிருந்து தன் பிரதியை எடுத்துப் புரட்டினாள். குனிகிற கட்டடங்களை அஃறிணையில் எழுதுவது மரியாதை இல்லை என்பதால், இவ்வீதியில் பெயருடைய யாவும் உயர்திணையாகக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. துளசிமணி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

“பேர் இருக்கா?”

சிங்காரவடிவேலு பொய் சொல்லத் தெரியாதவர். நானூறு மீன்களில் ஒன்றுக்கும் அவர் பெயர் வைத்ததில்லை. தொட்டிகளுக்கு எண் மட்டும் போட்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஞானசுந்தரி முந்திக்கொண்டாள்.

“முத்துப்பேச்சி.”

அது அவளுடைய சித்தியின் பெயர். சித்திக்கு நீச்சல் தெரியாது.

துளசிமணி படிவத்தை எடுத்தாள். பெயர் முத்துப்பேச்சி என்று எழுதினாள். கர்ப்பம் எத்தனை மாதம் என்று கேட்டதற்கு மூன்று வாரம் என்றார் சிங்காரவடிவேலு. அடுத்த வாரம் பெற்றுவிடுவாள், அதற்குள் நாலாவது தொட்டியில் இருக்கிறவளுக்குப் புள்ளி விழுந்துவிடும், அவளுக்கு அடுத்தது ஐந்தாவது தொட்டியில், இப்படியே இந்த வீட்டில் என்றைக்கும் யாராவது ஒருத்தி முழுகாமல்தான் இருப்பாள் என்று விவரமாகச் சொன்னார். அப்படியானால் முடியும் தேதி போட வேண்டியதில்லை என்று துளசிமணி அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தாள். முத்திரை குத்தினாள். வாசலில் இருந்த நோட்டீஸைத் தானே கிழித்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஞானசுந்தரி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிங்காரவடிவேலு காலிப் பானையை அலம்பி அதில் காபி போட்டுக்கொண்டு வந்தார். பாத்திரம் பெரிதாக இருந்ததால் காபியும் நிறைய இருந்தது. இரண்டு பேரும் அதைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சுவரில் சாய்ந்தபோது கட்டடம் ஒரு பெருமூச்சு விட்டது அவள் முதுகுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விருந்தினர் வந்தார். வெள்ளைச் சேலை கட்டிய பெரிய மனுஷி. காரின் பின்னிருக்கையில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். பதினேழாம் எண் குனிந்தது, பதினெட்டு குனிந்தது. பத்தொன்பது நிமிர்ந்து நின்றது. கார் நின்றுவிட்டது. விருந்தினர் தலையை வெளியே நீட்டிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தில் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள் என்று நகராட்சி அவருக்கு முன்பே தெரிவித்திருந்தது. வந்த இடத்தில் வெறுங்கையோடு போகலாமா என்று உதவியாளரிடம் ஏதோ சொன்னார். பின்னால் வந்த வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கி ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து ஞானசுந்தரியின் கையில் கொடுத்தார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சாதம். விருந்தினர் கை கூப்பினார். ஞானசுந்தரி தாம்பாளத்தை ஏந்தியபடி தலையைத் தாழ்த்தினாள். கார் நகர்ந்தது. இருபதாம் எண் குனிந்தது.

மாடியில் வைத்து வளையல்களை ஒவ்வொன்றாக மூன்றாவது தொட்டியில் போட்டார்கள். முத்துப்பேச்சி முதலில் ஒதுங்கிப் பார்த்தாள். பிறகு ஒரு சிவப்பு வளையலுக்குள் தலையை நுழைத்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தாள். புளிச்சாதம் நன்றாக இருந்தது. தயிர்சாதத்தில் சிங்காரவடிவேலு நான்கு பருக்கையைப் பொடித்துத் தண்ணீரில் தூவினார்.

சனிக்கிழமை காலை நகராட்சி ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்து, அலங்கார வளைவிலிருந்து தோரண வீதியைப் பாய்போலச் சுருட்டத் தொடங்கினார்கள். இத்தனை கார்கள் வந்துபோனதில் அழுக்காகிவிட்டதாம், வெளுத்துக் காயவைத்துச் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விரிப்பார்களாம். பத்தொன்பதாம் எண்ணுக்கு முன்னால் வந்தபோது, வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஞானசுந்தரி எடுத்துக்கொண்டாள். சுருள் நகர்ந்து போனதும் அடியில் ஈர மணலும் இரண்டு நண்டுகளும் இருந்தன. நிலைப்படிக்கும் மணலுக்கும் ஒன்றரை அடி பள்ளம். பத்து மணிக்குத் தடியூன்றி வருகிற கிழவர் ஏறுவதற்குச் சிரமப்படுவாரே என்று, அவள் உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்து வந்து கீழே போட்டாள்.