படைகளின் ஒற்றுமைக்கு ஃபடில்லாவின் கை

1.

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. ரோமில் எங்கள் குடியிருப்புச் சுவர்கள் அவ்வளவு மெல்லிசு. அடுத்த அறையில் நாணய அச்சு வெட்டும் ஹெர்மியாஸும் அவன் மனைவி ஃபடில்லாவும் ஒன்பது நாட்களாகப் பேசிக்கொள்ளவில்லை. அதுகூட எனக்குக் கேட்டது.

நான் எழுதிய முதல் வரி இப்படித் தொடங்கியது: “பேரரசரின் திருமுகம் வெள்ளியில் ஒளிர…”

[எழுதும் பலகையின் மெழுகைத் தேய்த்து அழித்துவிட்டேன். புதுப் பேரரசரை ஹெர்மியாஸே பார்த்ததில்லை. பழையவரின் மூக்குக்குக் கீழே தாடி வைத்தான், வேலை முடிந்தது.]

2.

சண்டைக்குக் காரணமும் ஒரு மூக்குதான். போன தெனாரியஸ் வெள்ளிக்காசில் அவன் வெட்டிய அமைதித் தேவிக்கு எதிர்க்கடை ரொட்டிக்காரியின் மூக்கு வாய்த்துவிட்டது. தற்செயல் என்கிறான். [கதாசிரியனாக நான் நம்பவில்லை.] அமைதி கைக்கு வந்த அன்றே வீட்டில் போர்.

இப்போது வடக்கே இரண்டு படைகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவர்களுக்குப் போகும் காசில் கோத்த இரண்டு வலது கைகளும், ‘படைகளின் ஒற்றுமை’ என்ற எழுத்தும் வேண்டும் என்று நாணயச்சாலை மேற்பார்வையாளன் கால்வுஸ் வந்து சொன்னான்.

“அவங்கதான் அடிச்சுக்கிறாங்களே ஐயா?”

“ஒத்துமையா இருந்தா எதுக்குடா காசுல போடணும்? வெட்டு.”

3.

ஃபடில்லா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒஸ்தியா துறைமுகத்தில் அக்கா வீடு, காலைப் படகு. போனால் திரும்பமாட்டாள் என்று ஹெர்மியாஸுக்குப் பயம்.

“கொஞ்சம் கையைக் குடு.”

“ஏன், ரொட்டிக்காரிக்குக் கை இல்லையா?”

“அரசாங்க வேலைடி.”

கொடுத்தாள். பிடித்தான், பார்த்தான், விட்டான், வெட்டினான், மறுபடி பிடித்தான். படகு போய்விட்டது.

[“அவள் கண்கள் கலங்க…” சுவர் வழியாகக் கண் தெரியாது. அழித்தேன்.]

4.

மறுநாள் கால்வுஸ் வந்து கத்தியதைத் தெருவே கேட்டது.

“காசுல இடது கையா விழுந்திருக்குடா! அச்சுல திருப்பி வெட்டணும்னு உனக்கு நான் சொல்லணுமா? இடது கையைக் கோத்தா அபசகுனம்! நாளைக்குள்ள வேற அச்சு வரணும்!”

அவன் போனபின் ஹெர்மியாஸ் மெதுவாகச் சொன்னான்: “இந்தத் தடவை இடது கையைக் குடு. அதைப் பார்த்து வெட்டினா காசுல வலது கையா விழும்.”

“இருபது வருஷமா தூக்கத்துலகூடத் திருப்பி வெட்டுவியேய்யா. இப்ப மட்டும் என்ன?”



5.

முடிவு ஒன்று: அடுத்த படகும் போய்விடட்டும் என்று வேண்டுமென்றே தப்பாக வெட்டினான்.

முடிவு இரண்டு: அவள் கையைப் பிடித்ததில் புத்தி மழுங்கிவிட்டது. இதுதான் எனக்குப் பிடிக்கிறது, ஆனால்…

சுவரில் காதை வைத்தேன்.

“உளி எங்கய்யா?”

“எடுக்கிறேன், எடுக்கிறேன்.”

வெகுநேரமாகியும் உளிச் சத்தம் வரவில்லை. நாளைக்கு அச்சு கேட்டு கால்வுஸ் வந்து நிற்பான்.

நாளைக் காலை ஆற்றங்கரைப் பக்கம் போகிறவர்கள், ஒஸ்தியா படகில் மூட்டையோடு ஒருத்தி ஏறுகிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள். பலகையில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.