சப்போட்டா மரத்தில் போட்ட வலை

கோட்டைக்குப்பத்து மணலில் சப்போட்டா காய்ப்பதே பெரிய விஷயம். சகாதேவன் வீட்டுப் பின்பக்கத்து மரத்துக்கு இதுதான் முதல் காய்ப்பு. பழுக்கிற நேரம் பார்த்து அணில் பாதி, வௌவால் பாதி என்று கடித்துத் துப்பினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? காலையில் எழுந்ததும் மரத்தடிக்குப் போய்த் திட்டிவிட்டுத்தான் டீ குடிப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கிழிந்து கிடந்த தன் நைலான் நரம்பு மீன்வலையை எடுத்து மரத்தின் மேல் வீசிவிட்டார். மீன் கண்ணுக்கே தெரியாத வலை, வௌவாலுக்கா தெரியப்போகிறது என்று மனைவி ஹேமாவதியிடம் பெருமை வேறு. அதற்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே இல்லை. போட்டாயிற்று, வேலை முடிந்தது.

அவருக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. அதே குப்பத்து சுரேஷ், ஊரை ஒட்டிய உப்பு ஏரியில் கட்டிய வலையை எடுக்காமல் விட்டுவிட்டான். காற்றில் அறுந்துபோன அந்த வலையில் மீனும் நண்டும் மாட்டிச் செத்து, அழுகி நாறின. ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று ஊரே முறைவைத்துக் கொடுக்கும். அதற்குப் பாடு என்று பெயர். சுரேஷின் பாட்டை இந்த வருடத்துக்குப் பிடுங்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர் சகாதேவன்தான். பாடு போனால் அவன் வீட்டு அடுப்பு எரியாது, அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார். வலை போட்டவன் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்காதவன் மீன்பிடிக்காரனே இல்லை என்று வாய் கிழியப் பேசினார்.

அதை முடிவுசெய்யும் ஊர்க்கூட்டம் சாயங்காலம் என்றிருக்க, காலையிலேயே சுரேஷ் அவர் வீட்டுக்கு வந்துவிட்டான். குழந்தைக்கு ஜுரம் ஏறி, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், திரும்பி வருவதற்குள் வலை அறுந்துபோனதையும் நின்றபடியே சொன்னான். சகாதேவன் அவனை உட்காரச் சொல்லவில்லை. எதுவானாலும் கூட்டத்தில் வந்து சொல்லிக்கொள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஹேமாவதியின் குரல் வந்தது.

"இந்தாய்யா, இங்க வா. வந்து பாரு, நீ இன்னா பண்ணி வச்சிக்கிறன்னு."

இருவரும் போனார்கள். மேல்கிளையில், வலைக்குள் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை முழுக்க நரம்பு அறுத்த கோடு. சுரேஷ் ஹேமாவதியிடம் கத்தியை வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நரம்பு நரம்பாக அறுத்து அதைக் கீழே இறக்கினான். செத்து நேரமாகியிருந்தது. அதன் மார்பில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் இன்னும் காம்பிலேயே இருந்தது, அதற்கு மட்டும் உயிர் இருந்தது. ஹேமாவதி துணியை நனைத்து வாயில் சொட்டவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிப்போனது.

"ராத்திரியெல்லாம் கத்திச்சே," என்றாள் ஹேமாவதி. "நீயும் முழிச்சிக்கினுதான இருந்த?"

விழித்துத்தான் இருந்தார். கத்தட்டும், அப்போதுதான் மற்றது வராது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவர் அவர். சுரேஷ் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவன் கத்தியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "வரேன் மாமா" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டான்.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைவர் சம்பந்தம் கேட்டதற்கு சுரேஷ் தன் தப்பை ஒப்புக்கொண்டான். மரத்து வலையைப் பற்றி இப்போது சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று சகாதேவனுக்கு உள்ளே கூசிக்கொண்டே இருந்தது. அவன் கடைசிவரை சொல்லவில்லை. சம்பந்தம் சகாதேவன் பக்கம் திரும்பி, நீதானே பாட்டைப் பிடுங்கச் சொன்னாய், பேசு என்றார்.

சகாதேவன் எழுந்தார். தலை நிமிரவில்லை. காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஒரு வௌவாலுக்கா இவ்வளவு என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கப்பா. பழத்தக் காப்பாத்தணும்னா பழைய துணியில பை தச்சு, கொத்துக் கொத்தா கட்டியிருக்கலாம். எனக்கு சோம்பல், வலையத் தூக்கிப் போட்டேன். இவனாவது புள்ளயத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். எனக்கு இன்னா கேடு? மரம் என் வூட்டுப் பின்னாலதான் கீது. காதுல கேட்டும் எழுந்து போவல. பாட்ட எடுக்கறதுன்னா மொதல்ல என்னுத எடுங்க."

சம்பந்தம், யார் பாட்டையும் எடுக்க வேண்டாம், ஏரியில் அறுந்து கிடக்கிற வலையை எல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்துப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சகாதேவன் உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வலை போட்டவன் போய்ப் பாக்கணும்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். சொல்றதுக்கு முன்னால என் வூட்டுப் பின்பக்கம் ஒருதபா போய்ப் பாத்திருந்தா, ஒரு தாயும் புள்ளயும் உசுரோட இருந்திருக்கும்."